கூழ் வரியில் இல்லாத வீடு

நவம்பர் இருபது, வியாழக்கிழமை, அமாவாசை. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். முந்தின நாள் இருட்டும்போது பிடித்த மழை அதுவரை ஒரு நிமிடமும் விடவில்லை. காற்று கிழக்கிலிருந்து. மொட்டை மாடியில் மழை அளக்க நான் வைத்திருக்கும் பால் பவுடர் டின் இரண்டு முறை நிறைந்து, இரண்டு முறையும் நானே ஏறிக் கொட்டிவிட்டு, மூன்றாவது முறை பாதியைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் தெருக்கோடியிலிருந்து கலா போன் செய்தாள்.

"சார், தண்ணி எங்க வீட்டு மொதப் படி ஏறிடுச்சு. இந்த வருசம் வராதுன்னீங்க."

வடிகால் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, என் முப்பத்து நான்கு வருட அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். சரிவு எவ்வளவு, சிமென்ட் எவ்வளவு என்பதெல்லாம் உங்களுக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எழுதி உங்கள் நேரத்தையும் என் கண்ணையும் கெடுக்கப் போவதில்லை. ஓய்வு பெற்று ஏழு வருடம் கழித்து, சம்பளம் இல்லாத ஒரு காலையில், முதலியார்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் நடந்ததை எழுதுகிறேன். வேலையில் கற்றது முழுவதும் அந்த ஒரு காலையில் தேவைப்பட்டது. அப்படியும் போதவில்லை.

முதலில் தெருவைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். கிழக்குக் கோடியில் பெரிய வாய்க்கால். தெருவின் வடிகால் அதில் போய் விழுகிறது; வாய்க்கால் தேங்காய்த்திட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு கடலோர உப்புநீர்க் கழியில் விழுகிறது; கழி கடலில். வடிகால் இரண்டடி அகலம். அது கட்டிய காலத்தில் ஐப்பசியும் கார்த்திகையுமாகப் பரவிப் பெய்த மழை இப்போது ஒரே இரவில் மொத்தமாக வந்து கொட்டிவிட்டுப் போகிறது. டிவியில் இதற்குப் பெரிய பெயர் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் "மழை முன்ன மாதிரி இல்ல" என்றார்கள். இரண்டும் ஒன்றுதான்.

அதற்கு முந்தின வருடம் புயல் மழையில் பள்ளத்து வீடுகளுக்குள் மூன்று நாள் தண்ணீர் நின்றது. மிகவும் அடிபட்டது கலாவின் வீடு. அவளுடைய மாமனார் மில் மூடியபோது வந்த கணக்குப் பணத்தில் வாங்கிய வீடு அது. கலா தையல் வேலை செய்கிறாள். கணவன் சேகர் நோணாங்குப்பம் படகுத் துறையில் படகு ஓட்டுகிறான். தையல் மெஷின் மோட்டார், பிரிட்ஜ், தைக்கக் கொடுத்திருந்தவர்களின் துணி என்று எல்லாம் போயிற்று. தண்ணீர் வடிந்த மறுவாரமே ஒரு தரகர் வந்து பாதி விலைக்குக் கேட்டார். கலா வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு தகரப் பலகை மாட்டிவிட்டாள். அப்புறம் என்னிடம் வந்து, "இன்னொரு தடவ உள்ள வந்துச்சுன்னா இருக்க மாட்டோம் சார். லாஸ்பேட்டைல மேடா ஒரு வாடகை வீடு பாத்து வெச்சிருக்கோம்" என்றாள்.

நான்தான் ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று கேட்டால், பொறுப்பு இல்லாமல் சொல்லவில்லை. எங்கே அடைப்பு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் பைக் ஏற்றுவதற்காக வடிகாலின் மேல் கான்கிரீட் சிலாப் போட்டு, அதன்மேல் படி கட்டி, கோலத்துக்குத் தோதாகப் பூசியும் வைத்திருந்தார்கள். ஒருமுறை மூடினால் உள்ளே வாருவதற்குக் கை நுழையாது. இரண்டடி வடிகால் அரை அடியாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சிலாப்புகளை எடுக்கச் சொல்லி என் பணிக்காலத்தில் எத்தனையோ நோட்டீஸ் கொடுத்தேன். இயந்திரம் வைத்து உடைத்தும் இருக்கிறோம். மூன்று மாதத்தில் அதே இடத்தில், முன்னைவிடக் கனமாக, இன்னொன்று முளைக்கும்.

தெருவே அதை எடுத்தது எப்படி என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவோம். அதற்குத் தலைக்கட்டு வரி உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். கரன்ட் பில்லை இரண்டு மாதம் தள்ளிப் போடுபவர்களும் கூழ் வரியைத் தள்ள மாட்டார்கள். வசூல் செய்பவன் தினேஷ், சின்ன லோடு வண்டி வைத்திருக்கும் இளைஞன். வரவு செலவு பார்க்கக் கூடிய கூட்டத்தில் அவன்தான் சொன்னான்: "அதே வரிய இன்னொரு தடவ போடுவோம். சிலாப்ப அவங்கவங்க உடச்சிக்கணும். வரிக் காசுல எல்லாருக்கும் ஒரே மாதிரி இரும்புப் படி. ரெண்டு பேர் புடிச்சா தூக்கற மாதிரி."

மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் படியைத் தூக்கி, அவரவர் வாசலுக்கு நேரே அவரவர் வார வேண்டும். அடுத்தவர் வாசலை யாரும் தொடக் கூடாது. இதுதான் ஏற்பாடு. நான் பதினோரு ஆட்சேபணை சொன்னேன். வெல்டிங் துருப்பிடிக்கும், கிழவர்கள் வழுக்கி விழுவார்கள், படியைத் திருடி இரும்புக் கடையில் போட்டுவிடுவார்கள் என்று. என் மனைவி வீட்டுக்கு வந்ததும், "பன்னெண்டாவது ஒண்ணு இருக்குமே, அது ஏன் சொல்லல?" என்று கேட்டாள். அந்தப் பதினொன்றில் ஒன்பது நடக்கவே இல்லை. ஆவணி முதல் ஞாயிறு காலை தொடங்கி, சாப்பாட்டு நேரத்துக்குள் சிலாப்புகள் உடைந்து கிடந்தன. மூன்று தலைமுறைச் சகதி வெளியே வந்தது. தினேஷின் லிஸ்டில் நாற்பத்தொரு வீடு. வெல்டிங் பட்டறையிலிருந்து நாற்பத்தொரு படி. நானே இறங்கி எண்ணிச் சரி பார்த்தேன். எண்ணிக்கை சரியாக வந்தால் எனக்கு அன்று தூக்கம் வரும்.

ஆகவே கலா போன் செய்தபோது எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பத்து கம்பியில் மூன்று உடைந்த குடை. மாற்ற வேண்டும் என்று மனைவி சொல்லி இரண்டு மழைக்காலம் ஆகிறது. மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். வடிகால் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. இரும்புப் படிகளின் இடைவெளி வழியாக நீர் போகும் வேகம் தெரிந்தது. போன வருடம் இந்த நேரத்துக்கு முழங்கால் அளவு நின்ற இடத்தில் ரோடே தெரிந்தது. கடைசி மூன்று வீட்டுக்கு முன்னால் மட்டும் தண்ணீர் நின்று சுழன்றது. கலா வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரே ஒரு வீடு. அதன் வாசலில் பச்சை டைல்ஸ் ஒட்டிய கான்கிரீட் சிலாப் முழுதாக இருந்தது.

அது சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மனைவி இறந்த பிறகு அவர் பாதி வருடம் இங்கே, பாதி வருடம் பிரான்சில் மகன் வீட்டில். அன்று அவர் பிரான்சில் இருந்தார், வீடு பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகிறவர். கோயில் வரி லிஸ்டில் அவர் வீடு என்றைக்குமே இருந்ததில்லை. அந்த லிஸ்டை வைத்துத்தான் தெருவைச் சுற்றினோம். சிலாப் உடையாமல் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்; சொல்தா ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரிடம் போய்க் கேட்டது யார் என்று அன்று மழையில் நின்றுகொண்டு விசாரித்தால், அப்படி ஒருவரும் இல்லை. என் நாற்பத்தொன்று சரி. தெருவில் வாசல் நாற்பத்திரண்டு.

தினேஷும் இன்னும் நான்கு பேரும் கடப்பாரையோடு நின்றார்கள். "சொல்லுங்க சார், அஞ்சு நிமிசத்துல தட்டிடறோம்" என்றான்.

நான் வேண்டாம் என்றேன்.

இந்த இடத்தில் என் முதல் மேலதிகாரியைச் சொல்ல வேண்டும். பெயர் போட்டால் அவருக்குப் பிடித்திருக்காது. சேர்ந்த புதிதில், ஒரு மழையில், மக்கள் சத்தம் போட்டதும் அடைப்பை எடுக்கப் போனேன். அவர் என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து, "தொறக்கறதுக்கு முன்னாடி, தண்ணி போய் விழற வால் வரைக்கும் நடந்து போய்ப் பாத்துட்டு வா. தண்ணி அங்க போறதுக்கு இடம் இருக்கான்னு கேட்டுட்டு வந்து தொற" என்றார். அன்று எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட நடக்காமல் திறந்ததில்லை.

வாய்க்கால் வரை நடந்தேன். சொல்தா வீட்டைத் தாண்டி இருபது எட்டுதான். வாய்க்கால் நீர் எங்கள் வடிகால் நீரைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அமாவாசை. கடல் ஏறிக்கொண்டிருந்தது, கழி நிரம்பி, வாய்க்காலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. வடிகால் வாய்க்காலில் விழும் வாயில் தண்ணீர் வெளியே போகவில்லை, உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்களை அடைத்துக்கொண்டிருந்த அதே சிலாப்தான், அதன்கீழ் இறுகிக் கிடந்த குப்பையோடு, அந்த நேரத்தில் வாய்க்காலை வெளியே நிறுத்திக்கொண்டும் இருந்தது. உடைத்தால் மழைத்தண்ணீர் போகாது. வாய்க்கால் சாக்கடை கலா வீட்டுக்குள் வரும்.

இதைச் சொன்னேன். ஐந்து பேரில் இரண்டு பேருக்குப் புரிந்தது. தினேஷ் கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்காமல், "ரிட்டையர் ஆனாலும் பைல் வந்தாத்தான் கையெழுத்துப் போடுவாரு" என்று மற்றவர்களிடம் சொன்னான். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. நான் வாய்க்கால் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். பாக்கெட்டில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். கலாவின் படியில் இன்னொரு கோடு.

கடல் எப்போது திரும்பும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். ஆனால் அப்படிக் காற்று அடிக்கும் நாளில் கணக்கை மட்டும் நம்ப முடியாது. சேகர் படகுகளைக் கட்டிவைக்க விடிவதற்கு முன்பே நோணாங்குப்பம் போயிருந்தான். அவனுக்குப் போன் செய்து, துறைப் படியில் தண்ணீர் எது வரை நிற்கிறது, இறங்கத் தொடங்கியதும் சொல் என்றேன். அந்தக் கழி வேறு, எங்கள் கழி வேறு. இரண்டுக்கும் கடல் ஒன்றுதான். அங்கே இறங்கினால் கொஞ்ச நேரத்தில் இங்கும் இறங்கும்.

காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருந்தது. அடுத்தவர் வாசலைத் தொடக் கூடாது என்பது தெருவே போட்ட விதி. அதை நாமே மீறினால் அடுத்த ஞாயிறு ஒருவரும் படியைத் தூக்க மாட்டார்கள். சொல்தாவின் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். ஆறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார். அவரைத் தெருவில் 'முசியே' என்போம், பிரெஞ்சில் ஐயா.

"முசியே, நான் ஓவர்சியர் பேசறேன்."

"அங்க மணி என்னன்னு தெரியும். இங்க என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ரெண்டே முக்கால்."

"எண்ணிட்டுத்தான் கூப்ட்டீங்களா. சரி, சொல்லுங்க. யாரு செத்துட்டாங்க?"

யாரும் சாகவில்லை, உங்கள் வாசல் சிலாப்பை உடைக்க வேண்டும் என்று, காரணத்தோடு சொன்னேன்.

"தெரு பூரா ஒடச்சீங்க. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். எங்கிட்ட ஒருத்தரும் வரல."

"லிஸ்டுல உங்க வீடு இல்ல முசியே."

"எந்த லிஸ்டு?"

"கூழ் வரி லிஸ்டு."

"இருவத்தொம்பது வருசமா ஆடி மாசம் தூக்குல கூழு குடுத்தனுப்பறீங்க. நானும் குடிக்கறேன். வரின்னு கேட்டு ஒரு ஆளு கதவத் தட்டுனதில்ல. நான் இன்னா, தெருவுக்கு வந்த விருந்தாளியா?"

பிள்ளைகளே, நோட்டீஸ் வாங்கியவர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். நோட்டீஸ் வரவில்லை என்று ஒருவர் திட்டியது அதுவே முதல் முறை.

"மன்னிச்சிடுங்க" என்றேன். "கலா வீட்ல தண்ணி ரெண்டாவது படில நிக்குது."

"அந்தத் தையக்காரப் பொண்ணா? என் பொண்டாட்டிக்கு ஜாக்கெட் தச்சுக் குடுக்கும்." பெருமூச்சு விட்டார். "ஒடைங்க. ஆனா மொத அடி நீங்க அடிக்கணும், பசங்க இல்ல. எல்லாருக்கும் போட்ட இரும்புப் படி எனக்கும் போடணும். அதுக்குக் காசு தெரு தரக் கூடாது, எண்ணத் தெரிஞ்ச நீங்க தரணும். வரிய நான் வந்து குடுக்கறேன்."

ஒப்புக்கொண்டேன். உடைக்க அனுமதி வந்துவிட்டது என்று தெரிந்ததும் பையன்களின் பொறுமை போய்விட்டது. மணி ஏழே முக்கால். கலா வீட்டு வாசலுக்கு மொத்தம் நான்கு படி. தண்ணீர் மூன்றாவது படியைத் தொட்டது. என் வாய்க்கால் கோடு முழுகிப் போயிருந்தது. இன்னும் ஏறுகிறது என்று அர்த்தம். மூன்று பேர் ஒரே நேரத்தில் என்னிடம் பேசினார்கள். ஒருவன் பக்கத்துத் தெருவுக்கு ரோட்டை வெட்டி விட்டுவிடலாம் என்றான். அந்தத் தெருவிலும் நம்மைப் போலப் பள்ளத்து வீடு உண்டு என்று சொல்லி நிறுத்தினேன்.

அப்போது கலா வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"சார், நீங்க உள்ள வந்து உக்காந்துகிட்டு, பொறுங்கன்னு சொல்லுங்க."

போனேன். வேறு என்ன செய்ய முடியும். தையல் மெஷினைக் கட்டில் மேல் ஏற்றியிருந்தாள். துணி மூட்டைகள் பரணில். எனக்கு ஒரு முக்காலி போட்டாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நிலைப்படி தெரிந்தது. அதற்கு வெளியே தண்ணீர். வெளியே நின்று பார்க்கும்போது அது அளவு. உள்ளே உட்கார்ந்து பார்க்கும்போது வேறு. ஆனால் கணக்கு மாறவில்லை. இந்த நேரத்தில் உடைப்பது தவறு என்று வாய்க்காலில் நின்றபோது தெரிந்தது, முக்காலியில் உட்கார்ந்தபோதும் அதுவேதான் தெரிந்தது. "பொறு கலா" என்றேன். அவள் நிலைப்படியில் ஒரு பழைய போர்வையைச் சுருட்டி வைத்தாள். மூன்றாவது படி முழுகியது. நிலைப்படிக்குக் கீழே நான்காவது மட்டும் மிச்சம்.

எட்டு இருபத்தைந்துக்குச் சேகர் கூப்பிட்டான். "சார், இப்பதான் ஒரு படி ஈரமாத் தெரியுது. தண்ணி திரும்பிடுச்சு." அவன் தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் அவசரப்படுவேன் என்று நினைத்திருப்பான்.

அதற்குப் பிறகும் முப்பத்தைந்து நிமிடம் உடைக்க விடவில்லை. அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் தெருவில் எனக்கு நல்ல பெயர் மிச்சம் இல்லை. வாய்க்கால் ஓரம் போய் நின்றேன். தினேஷும் கூட வந்தான். முழுகிப்போன சாக்பீஸ் கோடு வெளியே வந்தது. அப்புறம் வாய்க்காலும் வடிகாலும் ஒரே மட்டம். அப்புறம் வாய்க்கால் இரண்டு விரல் கீழே. மழையும் கொஞ்சம் தணிந்திருந்தது. தினேஷ்தான் அதைப் பார்த்துவிட்டு, "இப்பயா சார்?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"இப்ப."

முதல் அடி நான் அடித்தேன். அறுபத்தேழு வயது. ஒரு டைல்ஸ் மட்டும் விரிசல் விட்டது. இரண்டாவது அடியில் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. தினேஷ் கடப்பாரையை வாங்கிக்கொண்டு, "வாக்கு முடிஞ்சிடுச்சி, போய் ஓரமா நில்லுங்க" என்றான். ஐந்து பேரும் மாறி மாறி அடித்தார்கள். சிலாப் இரண்டாகப் பிளந்தது. கீழே தேங்காய் மட்டை, பால் கவர், ஒரு தலையணை. இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு ஒரு பெரிய பிளக்ஸ் பேனர். இழுத்து விரித்தால், எங்கள் தெரு ஆடித் திருவிழா பேனர். வரி கொடுத்தவர்கள் எல்லோருடைய படமும் அதில் இருந்தது. தினேஷ் படம் மேல் வரிசையில்.

பேனரை உருவியதும் தண்ணீர் ஒரு சத்தத்தோடு போனது. முதலில் சொல்தா வாசலில் சுழல் நின்றது, பிறகு கலாவின் மூன்றாவது படி தெரிந்தது. கலா வீட்டு நிலைப்படியில் போர்வை நனையவில்லை. நான்கு விரல் மிச்சம் இருந்தது. அளந்தேன். அவள் அந்தப் போர்வையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, எல்லோருக்கும் டீ போட்டாள். எனக்குச் சர்க்கரை போட்டுவிட்டாள். எனக்குச் சர்க்கரை ஆகாது. குடித்துவிட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் சொல்தா வந்தார். பெட்டியைக்கூட இறக்காமல், தொப்பியோடு நேரே தினேஷ் வீட்டுக் கதவைத் தட்டி, "வரி எவ்ளோ?" என்று கேட்டிருக்கிறார். தினேஷ் இந்த வருடத்துக்கு உண்டானதை மட்டும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தான். அவர் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, ராணுவப் பதக்கத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். நான் பார்த்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வாசல் இரும்புப் படியைக் கலாவும் அவருமாகத் தூக்குகிறார்கள். அவர் பிரான்சில் இருக்கும்போது சாவி கலாவிடம். இப்போது தினேஷின் லிஸ்ட் தலைக்கட்டுக் கணக்கு இல்லை, வாசல் கணக்கு. வாடகைக்கு இருப்பவர்களும் அதில் உண்டு. வாய்க்கால் வாயில் கடல் ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும் ஒரு கதவு போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது உங்கள் மேஜைக்குத்தான் வரும். வந்தால் மேஜையில் வைத்துப் படிக்காமல், வால் வரைக்கும் நடந்து போய்ப் பாருங்கள். போகும்போது வாசல்களை நீங்களே எண்ணுங்கள்; யாராவது எண்ணி வைத்ததை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

தரகர் தை மாதம் மறுபடி வந்தார். கலா விற்பனைப் பலகையைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருந்தாள். எழுத்து உள்பக்கம்.

சொல்தா வீட்டு இரும்புப் படிக்கு ஆறாயிரத்து இருநூறு. பொருத்துகூலி நானூறு. இடுப்புக்கு எக்ஸ்ரே, மாத்திரை, தைலம் சேர்த்து ஆயிரத்து நூற்று எழுபது. புதுக் குடை முந்நூற்று ஐம்பது. ஆக, அந்தக் காலை எனக்கு வைத்த செலவு எட்டாயிரத்து நூற்று இருபது ரூபாய்.